இரு பிரதிகளும் ஒரு மூலமும்

பழந்தமிழ் நூல்களை ஓலையிலிருந்து அச்சுக்குக் கொணர்ந்த பெரியார்களின் உழைப்பைத் தமிழுலகம் இன்றும் நன்றியோடு நினைக்கின்றது. யாழ்ப்பாணத்துச் சிறுப்பிட்டியிற் பிறந்து, 1857ஆம் ஆண்டிலே சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதற் பட்டதாரிகள் இருவருள் ஒருவராகத் தேறிய சி. வை. தாமோதரம்பிள்ளை, வீரசோழியத்தை 1881இலும் கலித்தொகையை 1887இலும் பதிப்பித்தார். அவரைப் போன்ற பதிப்பாசிரியர்களை வருத்திய இடர் ஏடு கிடையாமை மட்டுமன்று. ஏடுகள் பல கிடைத்தபின்னரும் ஓர் இடர் எஞ்சியிருந்தது. ஓர் ஊர் ஏட்டில் ஒரு சொல் இருக்கும். மற்றோர் ஊர் ஏட்டில் அச்சொல் இராது. முன்னதை எழுதியவர் புதிதாகச் சேர்த்தாரா, பின்னதை எழுதியவர் கைதவறி விட்டாரா? இவ்வினாவுக்கு ஐயமின்றி விடை கூறவல்லது ஒன்றே. இரண்டுக்கும் தாயாகிய மூல ஏடே அது. அதுவோ செல்லுக்கும் தீக்கும் இரையாகி நூற்றாண்டுகள் பல கழிந்திருக்கும். ஆகவே பதிப்பாசிரியர் தம் புலமையையே துணையாகக் கொண்டு ஒரு பாடத்தை ஏற்று, ஏனையவற்றைப் பாடபேதமெனக் குறித்துவைத்தனர்.

அதே வினா இன்று கணினிக்கு நிரல் எழுதுவோரின் மேசையிலும் நாடோறும் எழுகின்றது. நிரல் என்பது, இன்னது செய், அதன்பின் இன்னது செய் எனக் கணினிக்கு வரிவரியாக எழுதப்படும் கட்டளைத் தொகுதி. ஒரே நிரலைப் பலர் பல இடங்களிலிருந்து திருத்துகின்றனர். அத்திருத்தங்களை ஒருவருடையதும் கெடாமல் ஒன்றாக இணைப்பது எவ்வாறு? இவ்வினாவின் வரலாற்றிலே கொழும்பு மாநகருக்கும் ஒரு பங்குண்டு. அப்பங்கு ஒரு பெருந்துயரின் நடுவே பிறந்தது.

2004ஆம் ஆண்டு டிசெம்பர் மாதம் 26ஆந் திகதி, ஞாயிற்றுக்கிழமை, பௌர்ணமி தினம். அன்று காலை கடல் பொங்கி இலங்கையின் கிழக்கு, தெற்கு, வடகிழக்குக் கரைகளை விழுங்கியது. இந்நாட்டில் மாத்திரம் 30,000க்கும் மேற்பட்டோர் மாண்டனர். இலட்சக்கணக்கானோர் பாடசாலைகளிலும் கோயில்களிலும் பள்ளிவாசல்களிலும் அடைக்கலம் புகுந்தனர். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் வாழும் தமிழ்க் குடும்பங்கள் பலவற்றின் வேர் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் திருகோணமலையிலும் முல்லைத்தீவிலும் இருந்தது. தங்கள் உறவினர் உயிரோடிருக்கின்றனரா, இருப்பின் எந்த முகாமில் என்பதே அன்று பல இல்லங்களின் கேள்வி.

கேள்வி எளிது, விடை அரிது. முகாம்தோறும் ஒரு பட்டியல், வைத்தியசாலைதோறும் ஒரு பட்டியல். ஒருவரே இரண்டு பட்டியல்களில் இருவேறு எழுத்துக்கூட்டலோடு இருக்கலாம். வேறிருவர் ஒரே பெயரோடும் இருக்கலாம். இக்குழப்பத்தைத் தீர்ப்பதற்கு, கொழும்பிலிருந்த லங்கா சொவ்ட்வெயர் பவுண்டேஷன் என்னும் அமைப்பைச் சார்ந்த கணினி வல்லுநரும், அவர்களோடு கைகோத்த தொண்டர்களும் சில நாள்களிலேயே ஒரு மென்பொருளை எழுதத் தொடங்கினர். அதற்கு அவர்கள் இட்ட பெயர் ‘சஹானா’. நிவாரணம் என்னும் பொருள்படும் சிங்களச் சொல் அது. காணாமற்போனோர் பதிவேடு, முகாம்களின் பதிவேடு, உதவி நிறுவனங்களின் பதிவேடு, தேவைகளையும் உதவிகளையும் பொருத்தும் பதிவேடு எனப் பல உறுப்புகள் அதற்கு அமைந்தன. அரசின் தேசிய நடவடிக்கை நிலையம் அதனைப் பயன்கொண்டது.

அத்தகைய அவசரத்தில் ஒருவர் எழுதி முடிக்கும்வரை மற்றொருவர் கைகட்டி நிற்றல் இயலாது. பலரும் ஒருங்கே எழுதுதல் வேண்டும். பலர் எழுதுமிடத்தில் ஒருவர் திருத்தியதை மற்றொருவர் அறியாது அழித்துவிடல் மிக எளிது. சாதாரண வேளையில் அது ஒருநாள் உழைப்பின் நட்டம். பேரிடர் வேளையிலோ, ஒரு தாய் தேடும் பிள்ளையின் பெயர் திரையில் தோன்றாமற் போவதற்கே அது காரணமாகலாம்.

இவ்விடர் எவ்வாறு நேர்கின்றது என்பதை ஓர் எடுத்துக்காட்டால் விளக்கலாம். நிவாரணப் பொருள்களின் பட்டியல் ஒன்றிருப்பதாகக் கொள்க. அதில் அரிசி, பருப்பு, பாய் என மூன்று வரிகள். அதன் பிரதியொன்று வெள்ளவத்தையில் ஓர் இளைஞரிடத்தும், மற்றொன்று கொட்டாஞ்சேனையில் ஒரு யுவதியிடத்தும் உள்ளன. வெள்ளவத்தையார் குடிநீர் என ஒரு வரியைச் சேர்க்கின்றார். கொட்டாஞ்சேனையாரோ, பாய் வேண்டிய அளவு சேர்ந்துவிட்டதெனக் கேட்டறிந்து, அவ்வரியை நீக்குகின்றார். மாலையில் இரண்டு பட்டியல்களும் மூன்றாமவர் ஒருவரின் கைக்கு வருகின்றன. ஒன்றில் அரிசி, பருப்பு, பாய், குடிநீர். மற்றொன்றில் அரிசி, பருப்பு மட்டும்.

இவ்விரண்டையும் மட்டும் ஒப்புநோக்கும் மூன்றாமவர் யாது செய்வார்? வெள்ளவத்தையார் பாயையும் குடிநீரையும் புதிதாகச் சேர்த்தார் எனக் கருதலாம். அல்லது கொட்டாஞ்சேனையார் இரண்டையும் நீக்கினார் எனக் கருதலாம். முதலாவது கருத்தின்படி நடந்தால் வேண்டாத பாய் லொறியேறும். இரண்டாவதன்படி நடந்தால் குடிநீர் ஏறாது. இரண்டும் பிழை. ஆனால் காலையிலிருந்த மூலப் பட்டியலும் அவர் கையிலிருப்பின் ஐயத்துக்கே இடமில்லை. குடிநீர் மூலத்தில் இல்லை. ஆகவே அது சேர்க்கப்பட்டது. பாய் மூலத்தில் உண்டு. ஆகவே அது நீக்கப்பட்டது. இரண்டு திருத்தங்களையும் ஏற்க, அரிசி, பருப்பு, குடிநீர் என்னும் சரியான பட்டியல் கிடைக்கின்றது. தாமோதரம்பிள்ளை போன்றோர்க்குக் கிட்டாத மூல ஏடு இங்கே கிட்டுகின்றது. இதனையே நிரலாக்கத் துறையினர் மும்முனை இணைப்பு என்பர். இரண்டு பிரதிகளும் ஒரு மூலமும் என மூன்றையும் வைத்து நோக்குவதால் அப்பெயர் பெற்றது.

இவ்வெளிய உண்மையை உலகம் உடனே கைக்கொண்டுவிடவில்லை. 1972ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தைச் சேர்ந்த மார்க் ரொச்கைண்ட், நிரலின் ஒவ்வொரு திருத்தத்தையும் வரிசையாகச் சேமித்துவைக்கும் முறையொன்றை அமைக்கத் தொடங்கினார். பத்தாண்டு கழித்து, பேர்டியூ பல்கலைக்கழகத்தில் வோல்ட்டர் டிக்கி அதனினும் செப்பமான ஒரு முறையை வெளியிட்டார். இவ்விரண்டும் மூலத்தைப் பேணின. பழைய நிலைக்குத் திரும்பவும் வழிசெய்தன. ஆனால் ஒரு கோப்பை ஒருவர் திருத்துவதற்கு எடுத்தவுடன் அதற்குப் பூட்டு விழும் என்பதே வழக்கமாயிருந்தது. அவர் திருப்பி வைக்கும்வரை மற்றவர் காத்திருத்தல் வேண்டும். நூல்நிலையத்தில் ஒரே பிரதியுள்ள நூலை ஒருவர் எடுத்துச் சென்றுவிட்டால் ஏனையோர் காத்திருப்பதை இஃதொக்கும். எடுத்தவர் சுகவீனமுற்றாலோ ஊருக்குப் போய்விட்டாலோ பூட்டைத் திறப்பார் எவருமிலர்.

பூட்டைக் களைந்தவர் ஒல்லாந்து தேசத்து அம்ஸ்டர்டாம் நகரிலுள்ள சுதந்திரப் பல்கலைக்கழகத்தின் ஆசிரியர் டிக் குரூன். அவரும் அவருடைய மாணவர் இருவரும் ஒரே நிரலிற் பணியாற்றினர்; ஆனால் மூவரும் வேலைசெய்யும் நேரம் ஒத்துவரவில்லை. ஒருவருக்கொருவர் காத்திராமல் தத்தம் பிரதியில் எழுதி, பின்னர் ஒன்றிணைக்கும் முறையை அவர் வகுத்து, 1986இல் வெளியிட்டார். சி.வி.எஸ். என்னும் பெயரோடு அது உலகெங்கும் பரவியது. எடு, பூட்டு, திருத்து, திற என்றிருந்த ஒழுங்கு, பிரதிசெய், திருத்து, இணை என மாறிற்று. சஹானாவின் நிரலும் தொடக்கத்தில் இணையவழியே சி.வி.எஸ். களஞ்சியமொன்றிற் பேணப்பட்டது.

ஆயினும் சி.வி.எஸ். முறையில் களஞ்சியம் ஒன்றே. அனைவரும் அதனையே சென்றடைதல் வேண்டும். வரலாறு முழுவதும் அங்கேதான் இருக்கும்; எழுதுவோர் கையிலிருப்பது அன்றைய பிரதி மட்டுமே. லினக்ஸ் என்னும் இயங்குதளத்தின் கருவை எழுதியோர் உலகமெங்கும் பரந்திருந்தனர். அவர்களுக்கு ஆளுக்கொரு முழுக் களஞ்சியம் வேண்டியிருந்தது. 2002 முதல் பிட்கீப்பர் என்னும் தனியார் மென்பொருளை அவர்கள் இதற்குப் பயன்கொண்டனர். 2005இல் அதனை இலவசமாகப் பயன்கொள்ளும் உரிமை விலக்கப்பட்டது. லினஸ் டோர்வால்ட்ஸ் அவ்வாண்டு ஏப்ரில் 3ஆந் திகதி தாமே ஒரு முறையை எழுதத் தொடங்கினார். ஏப்ரில் 7ஆந் திகதி அம்முறை தன் நிரலைத் தானே காக்கும் நிலையை எய்தியது. அதுவே ‘கிட்’.

கிட் முறையில் ஒவ்வொருவரிடமும் உள்ள களஞ்சியம் முழுக் களஞ்சியம். ஒவ்வொரு பதிவுக்கும் 40 எழுத்துகளாலான ஒரு குறியீடு உண்டு. அக்குறியீட்டை எவரும் விருப்பப்படி இடுவதில்லை. பதிவின் உள்ளடக்கம், அதற்கு முந்திய பதிவின் குறியீடு முதலியவற்றிலிருந்து அது கணித்துப் பெறப்படுகின்றது. ஆதலின் பழைய பதிவொன்றில் ஓரெழுத்தை மாற்றினாலும் அதன்பின் வரும் குறியீடுகள் அனைத்தும் மாறிவிடும், மாற்றம் வெளிப்பட்டுவிடும். இரண்டு கிளைகள் இணையுமிடத்தில், இரு பெற்றோரை உடைய ஒரு பதிவு எழுதப்படுகின்றது. இங்ஙனம் ஒரு குடும்பத்தின் கொடிவழிபோல் நிரலின் வரலாறு நீள்கின்றது. இரண்டு களஞ்சியங்கள் எத்துணை தூரம் விலகிச் சென்றிருப்பினும், அக்கொடிவழியே பின்சென்று இரண்டுக்கும் பொதுவான மூதாதையைக் கண்டு, மும்முனை இணைப்பை நிகழ்த்தலாம்.

களஞ்சியத்துக்கும் களஞ்சியத்துக்குமிடையே மாற்றங்கள் செல்லும் வழியைக் காவாதுவிடின் யாது நேரும் என்பதற்கு 2003ஆம் ஆண்டு நவம்பர் மாத நிகழ்ச்சி சான்று. அப்போது லினக்ஸின் மூலக் களஞ்சியம் பிட்கீப்பரில் இருந்தது. பிறர் வசதிக்காகச் சி.வி.எஸ். முறையிலும் ஒரு பிரதி வைக்கப்பட்டிருந்தது. யாரோ ஒருவர் அப்பிரதியினுட் புகுந்து இரண்டு வரிகளைச் சேர்த்துவிட்டார். மேலோட்டமாக நோக்குவார்க்கு, பயனர் எண் சுழியமா என வினவும் வரியாகவே அது தோன்றும். உண்மையில், சமக்குறி இரண்டு இருக்கவேண்டிய இடத்தில் ஒன்றே இருந்தது. அதனால் அவ்வரி, எண்ணைச் சுழியமாக்கு என்னும் ஆணையாயிற்று. சுழியம் என்பது அவ்வியங்குதளத்தில் முழு அதிகாரமுடைய தலைமைப் பயனரின் எண். அவ்வரி எங்கும் பரவியிருப்பின், சூதறிந்த எவரும் அத்தகைய கணினியைத் தம் வசமாக்கியிருக்கலாம்.

அது பரவவில்லை. சி.வி.எஸ். பிரதியிலிருந்த அம்மாற்றத்துக்கு மூலக் களஞ்சியத்தில் நேரான பதிவு இல்லை. இரண்டையும் ஒப்புநோக்கியவர்கள் வழிமுறை தெரியாத அவ்வரியை உடனே கண்டு நீக்கினர். ஒரு மாற்றம் நல்லதா தீயதா என ஆராயுமுன், அஃது எங்கிருந்து வந்தது, யார் கொணர்ந்தார் என வினவுதல் வேண்டும் என்பதை இந்நிகழ்ச்சி எல்லார்க்கும் உணர்த்திற்று.

கொழும்பில் பிறந்த சஹானாவும் நாடு கடந்தது. 2005 ஒக்டோபரிற் பாகிஸ்தானில் நேர்ந்த நிலநடுக்கத்திலும், 2006இல் பிலிப்பைன்ஸ் நாட்டின் மண்சரிவிலும், அவ்வாண்டிலேயே இந்தோனேசியாவின் யோக்யகர்த்தா நிலநடுக்கத்திலும் அது பயன்பட்டது. சமூகநலத் திட்டங்களுக்கெனக் கட்டற்ற மென்பொருள் அறக்கட்டளை வழங்கும் 2006ஆம் ஆண்டுக்குரிய விருதும் அதனை வந்தடைந்தது. பின்னர், பைதன் மொழியில் எழுதப்பட்ட ‘சஹானா ஈடன்’ 2010ஆம் ஆண்டு ஜனவரியில் ஹெயிட்டி நாட்டினை அழித்த நிலநடுக்கத்தின்போது துணைநின்றது. அந்நிரல் முதலில் லோஞ்ச்பாட் என்னும் தளத்திலும் பின்னர் கிட் களஞ்சியமாகக் கிட்ஹப் தளத்திலும் வளர்ந்தது. இரண்டும் பலர் தத்தம் களஞ்சியத்தில் எழுதிப் பின்னர் இணைக்கும் முறையைச் சார்ந்தவையே.

பல நாடுகளுக்குச் சென்ற ஒரு நிரலுக்கு ஒரு புதுச் சிக்கல் தோன்றும். ஒவ்வொரு நாடும் தன் மொழிக்கும் நிருவாகத்துக்கும் ஏற்ப அதனைத் திருத்திக்கொள்ள விரும்பும். அங்ஙனம் ஆளுக்கொரு புறமாக நிரலின் நடுப்பகுதியிற் கைவைப்பின், சில ஆண்டுகளில் ஒன்றையொன்று அறியாத பல சஹானாக்கள் தோன்றிவிடும். ஒரு நாட்டில் நீக்கப்பட்ட பிழை மற்றொரு நாட்டில் நிலைத்துநிற்கும். ஈடனை அமைத்தோர் இதற்கொரு வழி கண்டனர். நாட்டுக்கு நாடு வேறுபடும் பகுதிகளை வார்ப்புருக்கள் எனத் தனியே பிரித்து, எல்லார்க்கும் பொதுவான நடுப்பகுதியை அவற்றினின்றும் விலக்கி வைத்தனர். பொதுப்பகுதியில் நேரும் திருத்தங்கள் உள்ளூர்த் திருத்தங்களோடு மோதாமல் வந்து சேர அது வழிசெய்தது. மோதலைத் தீர்ப்பதிலும் மோதல் நேராவண்ணம் வேலையைப் பங்கிடுதல் சிறந்தது என்பது குடும்பத்துக்கு மட்டுமன்றி நிரலுக்கும் பொருந்தும்.

ஆனால் எத்துணை முன்னேற்பாடு செய்யினும் சில முரண்கள் நேர்ந்தே தீரும். ஒரே வரியை இருவர் இருவிதமாகத் திருத்தினால், கணினி தானாக ஒன்றைத் தெரிவுசெய்யாது. இரண்டு பாடங்களையும் அருகருகே குறித்து நிறுத்திவிடும். பதிப்பாசிரியர் பாடபேதம் குறித்ததை இஃதொக்கும். அங்கே தீர்ப்புக் கூறவேண்டியவர் மனிதரே. இவ்வாறு வெளிப்படையாக நிற்கும் முரண் அஞ்சத்தக்கதன்று. கண்ணுக்குத் தெரிவதை எவரும் தீர்த்துவிடலாம். அஞ்சத்தக்கது ஓசையின்றி வரும் முரண்.

அதற்கும் ஓர் எடுத்துக்காட்டுக் கொள்க. முகாமிலுள்ளோரின் வயதைக் கூறும் பகுதி ஒன்று நிரலில் உள்ளது. வெள்ளவத்தையார், வயது ஆண்டுதோறும் மாறுமாதலால், அப்பகுதி பிறந்த ஆண்டைத் தருமாறு மாற்றி, அதனைப் பயன்கொண்ட பழைய இடங்களையெல்லாம் செவ்வனே திருத்திவிடுகின்றார். அதே வேளையில் கொட்டாஞ்சேனையார், பெற்றோரைப் பிரிந்த பிள்ளைகளைத் தேடும் பொருட்டு, வயது 18க்குக் குறைந்தோரைப் பட்டியலிடும் புதிய பகுதியொன்றை வேறொரு கோப்பில் எழுதுகின்றார். இருவரும் ஒரே வரியைத் தொடவில்லை. ஆகவே கணினி இரண்டையும் ஒரு சொல்லும் சொல்லாமல் இணைத்துவிடும். இணைந்த நிரலோ, 1996 என்னும் எண் 18க்குக் குறைந்ததா என வினவும். குறைந்ததன்று. பட்டியலில் ஒரு பிள்ளையும் இராது. முகாமில் பிள்ளைகள் இருப்பர், திரையில் இரார். வெற்றுப் பட்டியலைக் காணும் அதிகாரி, பிரிந்த பிள்ளைகள் அங்கு எவருமிலர் என நிம்மதியடைந்து செல்வார்.

எழுத்து இணைவதும் பொருள் இணைவதும் ஒன்றல்ல என்பதே இதனாற் பெறப்படும். கணினி எழுத்தை இணைக்கும், பொருளை அறியாது. இதனாலேயே தேர்ந்த நிரலாளர் சில ஒழுங்குகளை விடாது கைக்கொள்கின்றனர். முதலில் தம் வேலையைத் தம் களஞ்சியத்தில் முறையாகப் பதிந்துகொள்வர். பதியாத வேலையை வைத்துக்கொண்டு இணைப்பில் இறங்கார். அடுத்து, பிறர் களஞ்சியத்திலுள்ள மாற்றங்களைக் கொணர்ந்து அருகில் வைத்து, இணைக்குமுன் வாசிப்பர். இணைப்பைப் பொதுக்கிளையில் நேரே செய்யாது தனிக்கிளையொன்றிற் செய்து பார்ப்பர். முரண் தோன்றின், தம் பாடத்தையே நிறுத்தும் பிடிவாதமின்றி, மற்றவர் எக்கருத்தோடு எழுதினார் எனக் கேட்டறிவர். இணைந்தபின், தெரிந்த விடையுள்ள சோதனைகளைக் கொடுத்துப் பார்ப்பர். மேற்கூறிய நிரலுக்கு ஏழு வயதுப் பிள்ளை ஒன்றின் பதிவைக் கொடுத்துச் சோதித்திருப்பின், பிழை அந்தக் கணமே வெளிப்பட்டிருக்கும்.

இவை அனைத்தினும் முக்கியமானது ஒன்றுண்டு. ஒருவர் தம் மாற்றங்களைப் பொதுக் களஞ்சியத்துக்கு அனுப்பும்போது, இடையில் வேறொருவர் பதிந்துவிட்டிருப்பின், களஞ்சியம் ஏற்க மறுக்கும். வன்முறையாக அதனை ஏற்கச்செய்யும் கட்டளையும் உண்டு. அதைப் பயன்கொள்ளின் மற்றவருடைய பதிவு பொதுக்கிளையினின்றும் நீங்கிவிடும். அவசரத்தில் இதனைச் செய்து பிறர் உழைப்பை மறைத்தவர் பலர். மறுப்பு என்பது தடையன்று. உன் மூலம் பழையதாகிவிட்டது, புதியதை வாங்கி இணைத்தபின் வா என்னும் அறிவுரையே அது.

மாற்றத்தை ஏற்பதற்குமுன் ஆராயும் இவ்வழக்கம் கற்பித்தலுக்கும் உதவியது. கூகிள் நிறுவனம் 2005இல் தொடங்கிய கோடைக்கால நிரலாக்கத் திட்டத்தின் முதற் பத்தாண்டுகளில், உலகப் பல்கலைக்கழகங்கள் அனைத்தினும் மிகுதியான மாணவர்களை அனுப்பியது மொறட்டுவைப் பல்கலைக்கழகம். அம்மாணவர்கள் எழுதிய வரிகளை, முகமறியாத தூரதேசத்து மூத்தோர் வாசித்து, திருத்தம் கேட்டு, பின்னரே இணைத்தனர். பிறர் எழுத்தோடு தம் எழுத்தை இணைக்கும் பணிவை அவர்கள் அவ்வழியே பயின்றனர்.

தாமோதரம்பிள்ளை காலத்து ஏடுகளுக்கு ஒரு மூலம் இருந்தது. ஆனால் அதனைக் காப்பார் இலராயினர். அதனால் எத்தனையோ சொற்கள் இன்றும் ஐயத்தில் நிற்கின்றன. இக்காலத்தவர்க்கோ மூலத்தைக் காக்கும் கருவி கைவந்துள்ளது. முன்னிருந்தது யாது, யார் எதனை மாற்றினார், எதன்பொருட்டு மாற்றினார் என்பவற்றை அழியாது வைத்திருக்குமிடத்தில் இருவர் வேறுபடுதல் ஒரு குற்றமாகாது. வெள்ளவத்தையார் சேர்த்த குடிநீரும் கொட்டாஞ்சேனையார் விலக்கிய பாயும் ஒரே பட்டியலில் அமைதியாகத் தத்தம் முடிவை எய்தும். மூலத்தை மறந்து, என் பிரதியே பிரதி என ஒருவர் நிற்பாராயின், சிறந்த கருவியும் அவருக்கு உதவாது.